பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நல்ல இசை: அறைத் திருத்தம் உள்ள ஹை-ஃபை வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க இரண்டு ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிஃபையரும் வாங்கலாம் என்று கிளம்பினால், இப்போது 'ரூம் கரெக்‌ஷன்' என்ற சொல் எதிரே வந்து நிற்கிறது. மைக் ஒன்றை வைத்து அறையில் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து, அதற்கேற்ப இசையை மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஏற்பாடு அது. இங்கே அதை அறைத் திருத்தம் என்று எழுதுகிறேன். நண்பர்கள் வீடுகளில் மைக்கை நிறுத்தி அளந்து கொடுத்த நாட்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சினிமா பார்ப்பதற்கான ஏழெட்டு ஸ்பீக்கர் ஏற்பாட்டை விட்டுவிடுகிறேன். இசைக்கான இரண்டு ஸ்பீக்கர்தான் இங்கே பேச்சு.

கடையில் அருமையாகக் கேட்ட ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்ததும் ஏன் கும்மென்று அடைக்கிறது?

ஸ்பீக்கர் மாறவில்லை, அறை மாறிவிட்டது. பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளின் அலைகள் மிக நீளமானவை. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, அறையின் நீளத்துக்குப் பொருந்தும் சில அதிர்வெண்கள் மட்டும் அடங்காமல் நின்று வீங்குகின்றன. இவற்றை நிலை அலைகள் என்கிறோம். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலை அலை கிடைக்கும். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர். அதன் முதல் நிலை அலை 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 அதிர்வு, அருகே விழுகிறது. பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ். இங்கேதான் வினை இருக்கிறது: நம் வீடுகளில் கூரையும் பெரும்பாலும் பத்தடி உயரம். ஆக அகலமும் உயரமும் ஒரே 57 ஹெர்ட்ஸைத் தூக்கிவிடுகின்றன. பத்துக்குப் பத்து அறையென்றால் மூன்று திசையும் சேர்ந்து அதே இடத்தில் குவியும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே 49, 55, 58 என்று சுரங்கள் வரிசையாக வருகின்றன. கலைஞர் எல்லாச் சுரத்தையும் ஒரே அழுத்தத்தில்தான் மீட்டியிருப்பார். உங்கள் அறையோ அதில் இரண்டு மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்குகிறது. மீதியை விழுங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் மெல்லிய பலகை அடித்த சுவர்கள் அதிகம். அவை சற்றே அதிர்ந்து பேஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் அசையாது, வந்த பேஸை முழுசாகத் திருப்பி அனுப்பும். அங்கே எழுதப்பட்ட விமர்சனத்தைப் படித்து 'பேஸ் கொஞ்சம் குறைவு' என்று ஒதுக்கிய ஸ்பீக்கர் உங்கள் அறையில் அளவாக ஒலிக்கக்கூடும். என் அனுபவத்தில் இது பலமுறை நடந்திருக்கிறது.

அறைத் திருத்தம் இதில் என்ன செய்கிறது?

ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தாழ்விலிருந்து உச்சம்வரை ஏறும் ஒரு சோதனை ஒலியை ஒலிக்கவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலும் சுற்றிலும் மைக்கால் பதிவு செய்கிறது. எந்த அதிர்வெண் எத்தனை டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) வீங்கியிருக்கிறது என்று கண்டு, அதை அந்த அளவுக்குக் குறைக்கும் வடிகட்டியைக் கணக்கிடுகிறது. 57 ஹெர்ட்ஸ் 10 டெசிபல் துருத்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் 10 டெசிபலைக் கழித்து அனுப்பும். இரண்டு ஸ்பீக்கரின் தூரமும் உரப்பும் வேறுபட்டால் அதையும் சமன்செய்யும். வெறும் ட்ரெபிள், பேஸ் குமிழ்களோ, ராக், ஜாஸ் என்று பெயரிட்ட ஈக்வலைசர் அமைப்புகளோ இதைச் செய்ய முடியாது. அவற்றுக்கு உங்கள் அறையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எல்லாக் குறையையும் நீக்கிவிடுமா?

நீக்காது. விற்பவர் நீக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வீக்கத்தைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. நேராக வரும் அலையும் சுவரில் மோதி வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் பள்ளம் உண்டாகிறது. அங்கே ஒலியைக் கூட்டினால் அழிக்கும் அலையும் சேர்ந்து கூடும், பள்ளம் அப்படியே இருக்கும். ஆம்ப்ளிஃபையர்தான் வீணாக மூச்சு வாங்கும். 3 டெசிபல் கூட்ட இரு மடங்கு மின்திறன் வேண்டும், 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. நல்ல திருத்த மென்பொருள்கள் இதை அறிந்து கூட்டலுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன.

அறையின் எதிரொலியையும் அது தீர்க்காது. கை தட்டினால் வெற்று அறையில் 'ட்ரிங்' என்று ஓர் ஒலி தொடர்ந்து வருமே, அதற்கு மருந்து திரைச்சீலையும் மெத்தையும் புத்தக அலமாரியும்தான்.

அப்படியானால் எந்த அதிர்வெண்வரை திருத்த வேண்டும்?

வாங்குவதற்கு முன் விளங்கிக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலோர் கேட்காமல் விடுவதும் இதைத்தான்.

ஒவ்வோர் அறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே அறை ஆள்கிறது, மேலே ஸ்பீக்கர் ஆள்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடரின் பெயரால் அது அறியப்படுகிறது. மேலே சொன்ன படுக்கையறையின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். ஒலி அடங்க 0.6 நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் எல்லை 270 ஹெர்ட்ஸ் அருகே வருகிறது. சிறிய வீட்டறைகளில் 200 முதல் 300 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த எல்லைக்கு மேலே மைக்கும் காதும் ஒன்றையே கேட்பதில்லை. ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியை நம் காது முதலில் பிடித்து, சுவர்களிலிருந்து பின்னால் வருவதைத் தனியாக உணர்கிறது. மைக் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல் இதை விடாமல் வற்புறுத்தி வந்திருக்கிறார்: நல்ல ஸ்பீக்கரின் மேல்சுரங்களை அறையின் அளவீட்டைப் பார்த்து வளைத்தால் நன்றாக இருந்ததைக் கெடுத்துவிடுவீர்கள்.

நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை முழுதும் திருத்தினேன். திரையில் கோடு அழகாக நேராகிவிட்டது. பாடகியின் குரலோ வழக்கமான சூடு போய், யாரோ வேறொருவர் பாடுவதுபோல் ஆகிவிட்டது. திருத்தத்தை 300 ஹெர்ட்ஸோடு நிறுத்தியதும் அவரே திரும்பி வந்தார். அன்றிலிருந்து எங்கே போனாலும் 300 முதல் 500-க்குள் நிறுத்திவிடுகிறேன்.

திருத்தம்தான் இருக்கிறதே, ஸ்பீக்கரை எங்கே வைத்தால் என்ன?

இடம்தான் முதல் திருத்தம், அதுவும் காசில்லாமல். அறையின் சரிநடுவில் முதல் நிலை அலை ஏறக்குறைய இல்லாமலே போகிறது. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் எல்லா நிலை அலையும் காதில் ஏறுகிறது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் இழுத்துப் பாருங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே இளகும்.

ஸ்பீக்கருக்கும் பின்னாலுள்ள சுவருக்கும் இடையிலான தூரமும் முக்கியம். ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால் 87 ஹெர்ட்ஸ் வாக்கில் பள்ளம் விழும், 60 செ.மீ. என்றால் 145 ஹெர்ட்ஸ். அந்தப் பள்ளத்தை எந்த மென்பொருளும் நிரப்பாது, நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் நாற்காலியும் சம முக்கோணமாக அமையட்டும். ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் திறந்த கதவு என்று இருந்தால் இடமும் வலமும் வேறுவேறாக ஒலிக்கும். அதைத் திருத்தம் ஓரளவு கவனித்துக்கொள்ளும்.

எந்தக் கருவியில் எந்தத் திருத்தம் வருகிறது?

டெனான், மராண்ட்ஸ் நிறுவனங்களின் ரிசீவர்களில் (பல உள்ளீடுகளும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள பெட்டிகள்) ஆடிஸி என்ற திருத்தம் வருகிறது. அதன் எக்ஸ்டி32 வகை எட்டு இடங்களில் அளக்கும். தனியாகக் காசு கொடுத்து வாங்கும் செயலி இருந்தால்தான் எந்த அதிர்வெண்வரை திருத்துவது என்று நாமே வரையறுக்க முடியும். அந்தச் செயலி இல்லாமல் ஆடிஸியை மதிப்பிட்டு 'இசையைக் கொன்றுவிட்டது' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டது முழு வீச்சுத் திருத்தத்தை. யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்ற அதன் சொந்த ஏற்பாடு இருக்கிறது.

டிராக் லைவ் என்ற திருத்த மென்பொருள் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வருகிறது. அளவைத் திருத்துவதோடு, ஒலி காலத்தில் எப்படிச் சிதறுகிறது என்பதையும் சீர்செய்கிறது. திரையில் இருபுறமும் உள்ள எல்லைக்கோட்டை இழுத்து, எங்கிருந்து எங்குவரை திருத்தலாம் என்று முடிவு செய்யலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். என்.ஏ.டி. நிறுவனத்தின் எம்10, சி 658 ஆகியவற்றில் இருக்கிறது. டெனான், மராண்ட்ஸின் உயர்வகை ரிசீவர்களிலும் கூடுதல் கட்டணத்துக்குச் சேர்க்கலாம். 500 ஹெர்ட்ஸ்வரை மட்டும் திருத்தும் விலை குறைந்த உரிமம் ஒன்றும் உண்டு. முழு உரிமம் இல்லையே என்று மனம் குறைய வேண்டாம், வேண்டியதெல்லாம் அந்த 500-க்குள் அடங்கிவிடுகிறது.

டென்மார்க்கின் லிங்டார்ஃப் கருவிகளில் ரூம்பர்ஃபெக்ட் இருக்கிறது. உட்காரும் இடத்தில் ஒருமுறை அளந்து, பிறகு அறையில் மனம்போனபடி பல இடங்களில் மைக்கை வைத்து அளக்கச் சொல்லும். அறை எது, ஸ்பீக்கர் எது என்று பிரித்தறிந்து, ஸ்பீக்கரின் குணத்தை விட்டுவிட்டு அறையை மட்டும் தொடும் நோக்கம் அதற்கு. கணினி வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான், விலை தாங்குமானால். கனடாவின் ஆந்தம், பிரான்ஸின் டிரினோவ் ஆகியவையும் பெயர்பெற்றவை. பின்னது நான்கு மைக் ஒன்றாகச் சேர்ந்த அளவீட்டுக் கருவியைப் பயன்படுத்துகிறது. வீட்டுச் செலவுக் கணக்கில் அடங்காது.

குறைந்த செலவில் தொடங்க வீம் நிறுவனத்தின் ஸ்ட்ரீமர்கள், அதாவது இணையத்திலிருந்து இசையை எடுத்துத் தரும் பெட்டிகள், இருக்கின்றன. மொபைலின் மைக்கை வைத்தே அளக்கும், திருத்தும் எல்லையைக் குறிக்கவும் விடும். தன்னுள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர் வேண்டுமென்றால், பின்லாந்தின் ஜெனெலெக் தன் மானிட்டர் ஸ்பீக்கர்களுக்கென்று மைக்கோடு கூடிய ஜி.எல்.எம். என்ற ஏற்பாட்டைத் தருகிறது.

பெட்டியில் ஏ.ஆர்.சி. என்று போட்டிருக்கிறது. அது அறைத் திருத்தம்தானே?

பெரும்பாலும் இல்லை. ஆந்தம் நிறுவனத்தின் அறைத் திருத்தத்துக்கும் அதே மூன்றெழுத்துதான் பெயர். ஆனால் மற்றக் கருவிகளில் எச்.டி.எம்.ஐ. துளையின் அருகே அந்த எழுத்துகள் இருந்தால், தொலைக்காட்சியின் ஒலியைக் கேபிள் வழியே ஆம்ப்ளிஃபையருக்குத் திருப்பி அனுப்பும் வசதி என்று பொருள்.

கூடுதல் வாட் உள்ள ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் பேஸ் இறுக்கமாகுமே?

ஒரு கடையில் இதைச் சொல்லித்தான் எனக்கு முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிய ஆம்ப்ளிஃபையரைத் தலையில் கட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய வீக்கத்தை அப்படியே, இன்னும் உரக்கக் கேட்டேன். அந்தத் தொகையில் கால்வாசி போதும், ஒரு நல்ல மைக்கும் திருத்தக் கருவியும் வாங்கியிருக்கலாம். வாட் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. சின்ன அறையில், எட்டடி தூரத்தில் கேட்பவருக்கு 50 வாட் நல்ல ஆம்ப்ளிஃபையர் தாராளம். பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். அடுத்த பங்கு திருத்தத்துக்கு. வாட்டை அதற்குப் பிறகு பாருங்கள்.

கடையில் என்ன கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்?

திருத்தத்தின் மேல் எல்லையை நான் மாற்ற முடியுமா? இலக்கு வளைவை, அதாவது திருத்திய பின் ஒலி எப்படிச் சாய வேண்டும் என்பதை, என் விருப்பத்துக்கு அமைக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் 'முடியும்' என்ற பதிலைக் கண்முன் காட்டச் சொல்லுங்கள். மைக் பெட்டியிலேயே வருகிறதா, உரிமத்துக்குத் தனிக்காசா என்பதையும் கேளுங்கள். எல்லா உள்ளீட்டுக்கும் திருத்தம் பொருந்துமா என்பது அடுத்தது. பல ரிசீவர்களில் 'டைரக்ட்', 'பியூர் டைரக்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் திருத்தம் அணைந்துவிடும். அதை அழுத்திவிட்டு மாதக்கணக்கில் திருத்தம் இருப்பதாக நினைத்துக் கேட்டவரை எனக்குத் தெரியும்.

பழைய பொருளாக வாங்குகிறீர்களா? அந்த ரிசீவரோடு வந்த மைக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த மைக்கின் குணத்தை அறிந்து அதற்கேற்பக் கணக்கிடும்படி ரிசீவர் அமைக்கப்பட்டிருக்கும். வேறொரு மைக்கைச் செருகினால் அளவு பிசகும்.

என் பழைய ஆம்ப்ளிஃபையர் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை விடத்தான் வேண்டுமா?

வேண்டாம். மினிடிஎஸ்பி 2x4 எச்டி போன்ற சிறு பெட்டியை இசை வரும் கருவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் வைக்கலாம். அதே நிறுவனத்தின் யூமிக்-1 என்ற யுஎஸ்பி மைக்கை வாங்கினால், அதன் வரிசை எண்ணுக்குரிய அளவுத்திருத்தக் கோப்பு இணையத்தில் கிடைக்கும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும். அளந்து, வடிகட்டிகளைக் கணக்கிட்டு, பெட்டியில் ஏற்றிவிடலாம். இரண்டு மூன்று மாலைகள் செலவாகும். அந்த மாலைகளில் உங்கள் அறையைப் பற்றி நீங்கள் அறிந்துகொள்வது எந்தத் தானியங்கித் திருத்தமும் சொல்லித் தராதது. பொறுமை உள்ளவர்கள் எல்லோரையும் நான் இந்த வழிக்கே இழுக்கிறேன்.

மொபைல் மைக் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். பேச்சுக்காகச் செய்யப்பட்ட மைக் என்பதால் சில மொபைல்கள் மிகத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும். அதை நம்பித் திருத்தினால் இல்லாத பேஸ் குறைவை ஈடுகட்டிவிடும். முடிந்தபோது தனி மைக்குக்கு மாறிவிடுங்கள்.

சப்வூஃபர் வேண்டுமா?

தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் அது. உங்களுடையது சிறிய ஸ்பீக்கராக இருந்தால் வைப்பது நல்லது. வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்கு ஒப்படைப்பார்கள். ஒரு பெரிய சப்வூஃபரைவிட எதிரெதிர்ச் சுவரில் இரண்டு சிறியவை மேல், ஏனென்றால் ஒன்று தூண்டும் நிலை அலையை மற்றது தணிக்கும். இடம் தேட ஒரு பழைய வழி இருக்கிறது. சப்வூஃபரை உங்கள் நாற்காலியில் தூக்கி வைத்து, தாழ்ந்த சுரங்கள் நடமாடும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை இறக்குங்கள். திருத்தத்தைத் தொடங்க வேண்டியது அதற்குப் பிறகே.

அளக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசி, பக்கத்திலுள்ள குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் இவை எழுப்பும் இரைச்சலை நம் காது பழகி மறந்துவிட்டிருக்கும், மைக் மறக்காது. தெருவில் பஸ் போகும் நேரமும் வேண்டாம். இரவு ஆழ்ந்த அமைதி இருக்கும், ஆனால் சோதனை ஒலி பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பிவிடும். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் தெரு அடங்கியிருக்கும் வேளை எனக்கு எப்போதும் வாய்த்திருக்கிறது.

மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபாவின் முதுகில் சாய்த்தும் வைக்காதீர்கள். ஒரு முக்காலியில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மைக் மேல்நோக்கி இருக்க வேண்டுமா, ஸ்பீக்கரை நோக்கியா என்பது திருத்தத்துக்குத் திருத்தம் மாறும், கையேட்டைப் பாருங்கள். முதல் அளவீடு தலை இருக்கும் இடத்தில், மற்றவை அதைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குள். ஒரே இடத்தில் மட்டும் அளந்தால், தலையைச் சற்றுச் சாய்த்தாலே பொருந்தாத திருத்தம் கிடைக்கும். பீரோவை நகர்த்தினாலோ சோபா மாற்றினாலோ மறுபடி அளக்க வேண்டும்.

இசைத்தட்டுக் கேட்பவன் நான். எண்முறைக்கு மாற்றினால் அதன் அழகு போய்விடாதா?

இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். திருத்தக் கருவி, இசைத்தட்டிலிருந்து வரும் சமிக்ஞையை எண்களாக மாற்றித்தான் வேலை செய்யும். இன்றைய மாற்றிகள் அதைச் செய்வதில் காதுக்குத் தெரியும் இழப்பு இல்லை என்பது என் அனுபவம். 57 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் வீக்கமோ எந்தக் காதுக்கும் தெரியும். ஒரு வாரம் திருத்தத்தோடும் ஒரு வாரம் இல்லாமலும் கேட்டு நீங்களே முடிவெடுங்கள்.

சுவரில் நுரை ஒட்டினால் திருத்தமே வேண்டாமே?

இரண்டங்குல நுரை மேல்சுரங்களை மட்டும் உறிஞ்சும். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். அது நுரையைக் கண்டுகொள்ளாது. அறை முழுக்க நுரை ஒட்டினால் உயிர்ப்பு செத்து, பேஸ் மட்டும் பழையபடி முழங்கும் மோசமான நிலைதான் மிஞ்சும். டைல்ஸ் தரையில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, ஒரு சுவர் நிறையப் புத்தகம் இருந்தால் மேல்பகுதி ஒழுங்குக்கு வந்துவிடும். கீழ்ப்பகுதியைத் திருத்தத்திடம் விடுங்கள்.

ஹெட்போனில் கேட்பவருக்கு?

அறையே இல்லை, அறைத் திருத்தமும் வேண்டாம்.

திருத்தம் போட்டபின் பாட்டு மெலிந்துவிட்டதே. அணைத்துவிடலாமா?

ஒரு வாரம் பொறுங்கள். வீங்கிய பேஸுக்குப் பல ஆண்டுகள் பழகிய காது அது. திருத்தம் பல இடங்களில் கழிப்பதால் மொத்த உரப்பும் குறைந்திருக்கும், ஒப்பிடும்போது வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும் இயல்பு நம் எல்லோருக்கும் உண்டு.

பிறகும் மெலிவாக இருந்தால் இலக்கு வளைவைப் பாருங்கள். அறையில் நேர்கோடாக அமைந்த ஒலி காதுக்கு ஒல்லியாகத்தான் கேட்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 அல்லது 4 டெசிபல் உயர்த்தி, மேலே போகப்போக மெல்லச் சரியும்படி அமையுங்கள். பேஸ் கிட்டார் நடை உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போட்டு, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காலூன்றி நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் பேஸ் சரி. அதே பாட்டில் குரலின் நிறம் மாறியிருந்தால், மேல் எல்லையை 300-க்கு இறக்கிவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து கேளுங்கள்.